மதனப்பள்ளியில் ஒரு மாலை, கொழும்பில் ஒரு மேடை

மதனப்பள்ளி என்றதும் ஆந்திராப் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்களுக்குத் தக்காளிதான் நினைவுக்கு வரும். அவ்வளவு பெரிய தக்காளிச் சந்தை. அங்கே விலை ஏறினால் சென்னையில் ரசம் தண்ணியாகிவிடும். தத்துவம் படிக்கிறவர்களுக்கு அது ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895-இல் பிறந்த ஊர். பக்கத்தில் இருக்கும் ரிஷிவேலி பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க முடியுமா என்று விசாரித்த நண்பர்களும் எனக்கு உண்டு.

நான் சித்தூர்க்காரன். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் இரண்டும் கலந்த ஒன்று. 1911 வரை சித்தூர்தான் வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைநகரம் என்பதை எங்கள் தாத்தா ஏதோ நேற்றுப் பறிபோன சொத்து மாதிரி சொல்லுவார். அந்த வருடம் புதிதாகச் சித்தூர் ஜில்லா அமைத்தபோது, கடப்பையிலிருந்து மதனப்பள்ளியைப் பிய்த்து எங்களோடு சேர்த்தார்கள். 2022-இல் ஆந்திர அரசு மாவட்டங்களை மறுபடி பிரித்தபோது அது எங்களை விட்டுப் போய்விட்டது. திருப்பதியும் தனி மாவட்டமாகிவிட்டது. ஆக, நான் இங்கே எழுதப்போகும் மதனப்பள்ளி, சித்தூர் மாவட்டத்தில் இருந்த காலத்து மதனப்பள்ளி.

இப்போது அந்த ஊரை ஏன் இழுக்கிறேன் என்றால், எல்லாம் ஒரு எக்செல் தாளால் வந்தது. கனடாவில் எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் 16 பேரைப் பாட்டும் பரதமுமாக இந்தியாவுக்குக் கூட்டிப்போவது என்று பெற்றோர் குழுவில் முடிவாகியிருக்கிறது. நமக்கு அது 'ஊருக்குப் போவது'. அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு அது வெளிநாட்டுப் பயணம், விசா முத்திரை உட்பட. 12 நாள், 7 மேடை. சென்னையில் மூன்று, காஞ்சிபுரத்தில் ஒன்று, வேலூரில் ஒன்று, திருப்பதியில் ஒன்று, திருமலையில் ஒன்று. எக்செல் தாளில் மேக்கப் எத்தனை மணிக்கு, பஸ் எத்தனை மணிக்கு, இட்லி எத்தனை மணிக்கு என்பதுவரை போட்டாகிவிட்டது. காலி கட்டம் ஒன்றுகூடக் கிடையாது. தாளைப் பார்த்த 13 வயதுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "நாம ஏழு இடத்துல ஆடுறோம். அங்க இருக்கிற பசங்க எப்ப ஆடுவாங்க?"

யாரும் பதில் சொல்லவில்லை. டீ வந்துவிட்டது.

'அந்த ஊர்ச் சரித்திரத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்க சார்' என்று என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். திருப்பதியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணின் கேள்வி என்னை 120 கிலோமீட்டர் மேற்கே, மதனப்பள்ளிக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

அங்கே 1915-இல் அன்னி பெசன்ட்டின் தியாசாபிகல் ஆட்கள் ஒரு கல்லூரி தொடங்கினார்கள். ராயலசீமையின் அந்த வறண்ட மேட்டு நிலத்தில் கல்லூரி என்பதே அப்போது பெரிய விஷயம். தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே வம்பும் வந்தது. ஹோம் ரூல் இயக்கம் சூடு பிடித்தது, 1917-இல் பெசன்ட் அம்மையாரை ஊட்டியில் சிறை வைத்தார்கள், மாணவர்கள் கொதித்தார்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் கல்லூரிக்கு இல்லாமல் போனது. பெசன்ட் அம்மையார் சும்மா இருப்பாரா? அடையாறில் தேசியப் பல்கலைக்கழகம் என்று ஒன்றை அமைத்து, மதனப்பள்ளியை அதில் சேர்த்துக்கொண்டார். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வேந்தராக ஒப்புக்கொண்டவர் ரவீந்திரநாத் தாகூர்.

கல்லூரியை நடத்தியவர் ஜேம்ஸ் கசின்ஸ் என்ற அயர்லாந்துக் கவிஞர். 1915-இல் பெசன்ட்டின் 'நியூ இந்தியா' பத்திரிகையில் வேலை பார்க்க வந்தவர். மறு வருடம் டப்ளினில் ஈஸ்டர் கிளர்ச்சி நடந்தபோது அதைப் பாராட்டி எழுதிவிட்டார். பத்திரிகை வேலை போயிற்று, மதனப்பள்ளி கிடைத்தது. மனைவி மார்கரெட் கசின்ஸ் இன்னும் சுவாரசியமானவர். அயர்லாந்தில் முறையாக இசைப் பட்டம் பெற்றவர், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு அங்கே சிறைக்குப் போனவர். இங்கே வந்ததும் சும்மா இருக்கவில்லை. 1917-இல் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதே வருடம் டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு மாண்டேகுவைச் சென்னையில் பார்த்து ஓட்டுரிமை கேட்டதே, அதற்கு ஏற்பாடு செய்தவரும் இவர்தான். அந்த வேலைகளுக்கு நடுவில் மதனப்பள்ளியில் மாணவர்களுக்குப் பாட்டும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

1919 ஜனவரியில் தாகூர் தெற்கே கிளம்பினார். பெங்களூர், மைசூரில் தொடங்கி திருச்சி, கும்பகோணம், தஞ்சாவூர், மதுரை என்று ரயில் ரயிலாக ஏறி இறங்கினார். எல்லா ஊரிலும் சொற்பொழிவு, மாலை, வரவேற்புப் பத்திரம். சாந்திநிகேதனில் விசுவபாரதி என்ற புதுக் கல்விக்கூடத்துக்கு அப்போதுதான் அடிக்கல் நாட்டியிருந்தார். அதைப் பற்றிப் பேசவும் ஆதரவு தேடவும்தான் இந்த அலைச்சல். 57 வயது. நம் பிள்ளைகளின் 12 நாள் 7 மேடையைவிட மோசமான எக்செல் தாள்! களைத்துப்போய் பிப்ரவரி கடைசியில் மதனப்பள்ளிக்கு வந்து சேர்ந்தார். வந்தது ஓய்வுக்கு. இது முக்கியம். மற்ற ஊர்களில் அவருக்கு நிகழ்ச்சி நிரல் இருந்தது. மதனப்பள்ளியில் இருந்தது ஓய்வு.

கல்லூரியில் மாணவர்களும் ஆசிரியர்களும் மாலையில் கூடிப் பாடுகிற வழக்கம் இருந்தது. கச்சேரி இல்லை. யாருக்கு எது தெரியுமோ அதைப் பாடுவார்கள், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். தாகூரும் வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் பாடினார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர், நானும் ஒன்று பாடட்டுமா என்று கேட்டுவிட்டு, தான் எழுதிய 'ஜன கண மன' பாட்டை மெல்லிய குரலில் பாடினார். கசின்ஸ் தம்பதி பின்னாளில் சேர்ந்து எழுதிய சுயசரிதையில் இந்தக் காட்சி வருகிறது. முதல் பத்தியில் நாடு, மலை, ஆறு என்று பெயர்களாக வரும்போதே பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்களாம். இரண்டாவது பத்தி முடிவில் வரும் வெற்றி முழக்கத்துக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டார்களாம். அப்புறம் விடவில்லை, மறுபடி மறுபடி பாடச் சொல்லி, கடைசியில் எல்லாரும் சேர்ந்து பாடிவிட்டார்கள். அந்தப் பையன்களுக்கு வங்காளி தெரியாது. தெலுங்கும் தமிழும் கன்னடமும் பேசுகிற வீட்டுப் பிள்ளைகள்.

அந்தப் பாட்டு அப்போது புதிது இல்லை. 1911 டிசம்பர் 27-ஆம் தேதி கல்கத்தா காங்கிரசில் பாடியதுதான். ஆனால் வங்காளத்துக்கு வெளியே அதைப் பெரிதாக யாரும் பாடவில்லை. மதனப்பள்ளிப் பையன்கள் பொருள் கேட்டார்கள். தாகூர் உட்கார்ந்து ஆங்கிலத்தில் பெயர்த்து, 'இந்தியாவின் காலைப் பாட்டு' என்று தலைப்பிட்டு, தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். தேதி 28 பிப்ரவரி 1919. மார்கரெட் அவரைப் பாட வைத்துக் கேட்டு, மெட்டை மேற்கத்திய இசைக் குறிப்பில் எழுதி வைத்தார். கல்லூரி அதைத் தன் தினசரி வழிபாட்டுப் பாட்டாக எடுத்துக்கொண்டது. அடுத்த ஆறே வாரத்தில் ஜாலியன்வாலாபாக் நடந்தது. மே மாதக் கடைசியில் தாகூர் தன் 'சர்' பட்டத்தை வேண்டாம் என்று எழுதிவிட்டார். நாட்டின் சூழலே மாறிவிட்டது. மதனப்பள்ளியில் மட்டும் தினமும் காலையில் அந்தப் பாட்டு. 1937-இல் தேசிய கீதம் எது என்று சண்டை நடந்தபோது கசின்ஸ் சென்னைப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி இந்தப் பாட்டுக்காக வாதாடினார். 1950 ஜனவரி 24-இல்தான் அது அதிகாரபூர்வமாக நம் கீதம் ஆனது.

இங்கே ஒரு சின்னத் தகராறு. 'தேசிய கீதத்துக்கு மெட்டுப் போட்டதே மதனப்பள்ளியில்தான்' என்று எங்கள் பக்கத்து ஆட்கள் பெருமையாகச் சொல்லுவார்கள். ஊர்ப்பாசம் எனக்கும் உண்டு, ஆனால் 1911-இலேயே ஒரு கூட்டமே பாடிய பாட்டுக்கு மெட்டு இல்லாமல் இருந்திருக்காது. மதனப்பள்ளியில் நடந்தது வேறு. வாயில் இருந்த மெட்டு காகிதத்துக்கு வந்தது. என்னைக் கேட்டால் அந்தப் பெருமையே தாராளம். சும்மா நினைத்துப் பாருங்கள். வந்த விருந்தாளி வங்காளி, எழுதிக்கொண்டவர் ஐரிஷ்காரர், பாடியவர்கள் ராயலசீமைப் பிள்ளைகள். யாரும் இதைத் திட்டம் போட்டு நடத்தவில்லை.

சரி, இது ஒரு பெரிய மனிதர் தனியாக வந்த கதை. மாணவர் குழுவைக் கூட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போன கதை ஒன்று இருக்கிறது. அதையும் செய்தவர் அதே தாகூர்தான், 15 வருடம் கழித்து. அவர் போனது இலங்கைக்கு. எங்கள் தமிழ்ப் பள்ளியில் பாதிக் குடும்பங்கள் யாழ்ப்பாணம், வன்னி என்பதால் இந்தப் பகுதி அவர்களுக்காகவும்.

1934 மே மாதம். தாகூருக்கு அப்போதுதான் 73 முடிந்திருந்தது. சாந்திநிகேதன் மாணவ மாணவியர், ஆசிரியர்கள், ஓவியர் நந்தலால் போஸ் எல்லாருமாகக் கப்பலில் கொழும்பு போய் இறங்கினார்கள். கையில் 'சாபமோசன்' என்ற நாட்டிய நாடகம். கொழும்பில் ரீகல் தியேட்டரில் போட்டார்கள், ஓவியக் கண்காட்சியும் வைத்தார்கள். பெரியவர் தன் குழுவின் நிகழ்ச்சிகளில் மேடை ஓரத்தில் தானே உட்கார்ந்து வாசிப்பது வழக்கம்.

நாடகத் தேர்வைக் கவனியுங்கள். 'சாபமோசன்' கதை குச ஜாதகம் என்ற பௌத்தக் கதையிலிருந்து எடுத்தது. அழகில்லாத அரசனும் அழகான ராணியும். சிங்களத்தில் 13-ஆம் நூற்றாண்டிலேயே 'கவ்சிளுமிண' என்ற காவியம் அதே கதையில் இருக்கிறது. கொழும்பில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கதை பாட்டியிடம் கேட்ட கதை, சொல்லும் விதம் மட்டும் புதிது. வேண்டுமென்றே அப்படித் தேர்ந்தார்களா, அமைந்துவிட்டதா என்பதை விடுங்கள். வெளியூர் போகிற குழு எதை மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. (எங்கள் எக்செல் தாளில் திருப்பதி மேடைக்குப் போட்டிருப்பது ஒரு சினிமாப் பாட்டுக் கலவை. அதைப் பற்றிப் பிறகு சண்டை போட்டுக்கொள்வோம் :-) )

குழு கொழும்போடு திரும்பிவிடவில்லை. மே 20-ஆம் தேதி ஹொரணையில் வில்மட் பெரேரா என்பவர் சாந்திநிகேதன் மாதிரியில் அமைத்த ஸ்ரீபாளி என்ற கல்விக்கூடத்துக்குத் தாகூர் அடிக்கல் நாட்டினார். பிறகு கண்டி. கண்டியில் இவர்கள் ஆடியதைவிட, கண்டிக்காரர்கள் ஆடியதைப் பார்த்ததுதான் பெரிய விஷயமாகிவிட்டது. கண்டி நடனத்தைப் பார்த்து அசந்துபோன தாகூர், அதைத் தன் பிள்ளைகள் கற்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். கூட வந்திருந்த சாந்திதேவ் கோஷ் அதைக் கற்றவர்களில் முக்கியமானவர். சாந்திநிகேதன் நாட்டியத்தில் மணிப்புரியோடும் கதகளியோடும் கண்டிச் சாயலும் சேர்ந்தது அப்படித்தான். நடுவில் கண்டியில் கிடைத்த ஓய்வில் கிழவர் 'சார் அத்யாய்' நாவலையும் எழுதி முடித்துவிட்டார்! ஜூனில் அனுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம். அதோடு பயணம் முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்தவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இலங்கையிலிருந்து பிள்ளைகள் சாந்திநிகேதனுக்குப் போகத் தொடங்கினார்கள். ஆனந்த சமரக்கோன் 1930-களில் அங்கே போய்ப் படித்தார். திரும்பி வந்து 1940-இல் அவர் எழுதி மெட்டமைத்த பாட்டுதான் 1951-இல் இலங்கையின் தேசிய கீதமாயிற்று. அதைத் தமிழில் தந்தவர் புலவர் மு. நல்லதம்பி. எங்கள் பள்ளியில் யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் பலருக்கு அந்தக் கீதத்தைப் பற்றி வேறு வேறு கசப்பான ஞாபகங்கள் உண்டு. அதில் நான் தலையிடப் போவதில்லை. சிங்கள நாட்டியத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்த சித்ரசேனா, கேரளத்தில் கதகளி கற்று, 1945-இல் சாந்திநிகேதனுக்கும் போனார். எதிரிவீர சரச்சந்திராவும் அங்கே இருந்தவர்தான்.

இவையெல்லாம் தாகூர் குழுவின் ஒரு பயணத்தால் மட்டும் வந்தவை என்று சொன்னால் மிகை. இலங்கையில் அந்தத் தேடல் ஏற்கெனவே இருந்தது, தாகூரும் அதற்கு முன்பே அங்கே போயிருக்கிறார். ஆனால் 1934-இல் கொழும்பில் நாடகம் மட்டும் போட்டுவிட்டு அடுத்த கப்பலில் திரும்பியிருந்தால் கண்டி நடனம் வங்காளத்துக்கு வந்திருக்காது. அது நிச்சயம்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பொருளாளர் கோபித்துக்கொள்வார். தாகூர் குழு ஊர் ஊராகப் போனதற்குக் கலை ஒரு காரணம், விசுவபாரதியின் காலிப் பெட்டி இன்னொரு காரணம். 1936 மார்ச்சில் 'சித்ராங்கதா'வை எடுத்துக்கொண்டு வட இந்தியாவில் சுற்றிக்கொண்டிருந்தபோது டெல்லியில் காந்தி பார்த்தார். 74 வயதில் இந்த மனிதர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காசுக்காக அலைவதா என்று அவருக்குப் பொறுக்கவில்லை. பெயர் சொல்ல விரும்பாத நண்பர்களிடமிருந்து 60,000 ரூபாய் வாங்கித் தாகூரிடம் கொடுத்து, மற்ற ஊர்களை ரத்து செய்துவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்றார். நல்ல மனதுதான். எனக்கு மட்டும் ஒரு முணுமுணுப்பு உண்டு. தாகூருக்கு அந்த அலைச்சல் வெறும் பிச்சைப் பயணமாகத் தோன்றியிருக்குமா? நல்ல வீட்டுப் பெண்கள் மேடை ஏறி ஆடுவதா என்று ஊர் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், அவர்களை மேடையில் ஏற்றித் தானும் பக்கத்தில் உட்கார்ந்தவர் அவர். சென்னைக்கும் அந்தக் குழு 1934 அக்டோபரில் வந்து 'சாபமோசன்' போட்டது. அடுத்த வருடம், 1935 டிசம்பரில், அடையாறில் ருக்மிணி தேவி மேடை ஏறினார். 1936 ஜனவரியில் கலாக்ஷேத்திராவாக வளர்ந்த அமைப்பைத் தொடங்கியபோது கூட இருந்தவர்களில் நம் மதனப்பள்ளி கசின்ஸும் ஒருவர். எல்லாம் பக்கத்துப் பக்கத்து வருடங்கள். நம் பிள்ளைகள் இன்று வெட்கப்படாமல் சலங்கை கட்டுவதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

இனி எனக்குக் கொடுத்த வேலைக்கு, திருப்பதிக்கு, வருகிறேன்.

திருமலையில் கோயிலுக்கு எதிரே 'நாத நீராஜனம்' மேடை இருக்கிறது. தேவஸ்தானத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும், பக்தி சம்பந்தப்பட்ட பாட்டும் ஆட்டமும்தான் போடலாம். தேவஸ்தானத்தின் டிவியில் நேரலையும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் பலர் அங்கே பாடுகிறார்கள். ஊரில் இருக்கும் பாட்டி டிவி முன்னால் உட்கார்ந்து, பேத்தி மலையப்பன் சன்னதிக்கு எதிரே ஆடுவதைப் பார்ப்பாள். இதைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. அந்தப் பாட்டிகளில் சிலருக்குப் பேத்தியை நேரில் பார்த்தே நாலைந்து வருடம் ஆகியிருக்கும். திருமலை மேடை இருக்கட்டும்.

ஆனால் பிள்ளைகள் அங்கே பாடப்போவது அன்னமய்யா பாட்டு. அதன் கதை தெரியாமல் பாடிவிட்டு இறங்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியார் 1408-இல் பிறந்து 1503-இல் மறைந்தவர். 32,000 பாட்டுப் பாடினார் என்று சொல்லுவார்கள். அவர் வம்சத்தார் அவற்றைச் செப்பேடுகளில் வெட்டி, திருமலைக் கோயிலுக்குள் சங்கீர்த்தன பண்டாரம் என்ற சின்னக் கல் அறையில் வைத்தார்கள். நூற்றாண்டுக் கணக்கில் அவை கவனிப்பாரின்றிக் கிடந்தன. 1922 வாக்கில் வெளியே வந்தன. கிடைத்தவை பாதிக்கும் குறைவு, 12,000-க்கு மேல். ஏட்டில் சாகித்தியம் இருக்கிறது, ராகத்தின் பெயர் இருக்கிறது. மெட்டு? அது இல்லை! செம்பில் வெட்டியும் மெட்டைக் காப்பாற்ற முடியவில்லை.

வேட்டூரி பிரபாகர சாஸ்திரி மாதிரி ஆட்கள் ஏடுகளைப் படித்துப் பதிப்பித்தார்கள். ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா திருப்பதியில் உட்கார்ந்து நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுக்குப் புதிதாக மெட்டமைத்தார். பிறகு நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி, பாலமுரளிகிருஷ்ணா. எம்.எஸ். அம்மா தேவஸ்தானத்துக்காகப் பாடிய 'பாலாஜி பஞ்சரத்னமாலா' வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. இங்கே கனடாவில் நம் பிள்ளைகள் 'பழைய பாட்டு' என்று கற்கிற அன்னமய்யா பாட்டின் சொல் 500 வருடம் பழையது. மெட்டுக்குப் பெரும்பாலும் அவர்கள் தாத்தா வயது. இதைச் சொன்னபோது என் மகன் 'அப்போ அது ரீமிக்ஸா?' என்றான். முழுக்கத் தப்பில்லை.

செப்பேடுகளைத் திருமலை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பாடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும், பின்னால் இல்லை. மலைக்குக் கீழே தேவஸ்தானத்தின் ஸ்ரீ வெங்கடேஸ்வரா இசை நாட்டியக் கல்லூரி இருக்கிறது, 1959-இலிருந்து. மதுரை சோமுவின் குருநாதர் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை முதல்வராக இருந்த இடம். நேதுநூரியும் இருந்திருக்கிறார். அங்கே படிக்கும் பிள்ளைகளும் நம் பிள்ளைகள் வயதைவிடக் கொஞ்சம்தான் பெரியவர்கள். எங்கள் தாளில் அந்தக் கல்லூரிக்கு ஒதுக்கியிருந்தது 40 நிமிடம், அதுவும் நாம் ஆடிக்காட்ட. நான் கேட்டது ஒரு முழு மாலை. மைக் இல்லாமல், அவர்கள் ஒன்று பாட, நாம் ஒன்று பாட.

இன்னொன்று, எங்கள் சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் கதை சொல்லுவார்கள், ராத்திரி விடிய விடியக் கூத்து. அர்ச்சுனன் தபசுக்கு உயரமான மரம் நட்டு, வேஷக்காரர் பாடிக்கொண்டே ஏறுவார். கடைசி நாள் தரையில் பெரிதாகத் துரியோதனனை மண்ணால் செய்து படுக்க வைத்திருப்பார்கள். தொண்டை மண்டலத்துத் தெருக்கூத்தின் உறவுதான் எல்லாம், பாட்டு பல ஊர்களில் தெலுங்கில். பெரும்பாலும் கோடையில் நடப்பதால் நம் டிசம்பர் லீவுக்கும் பொருந்தாது, ஜூலை லீவுக்கும் பொருந்தாது. கூத்துக்காரர்களை ஒரு நாள் வரச்சொல்லி, பிள்ளைகளுக்கு அடவும் கட்டை கட்டுவதும் காட்டச் சொல்லலாம். சம்பளம் சரியாகக் கொடுத்து. 'கல்ச்சர் எக்ஸ்சேஞ்ச்' என்று சொல்லி ஓசியில் ஆடச் சொல்லும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு, அது வேண்டாம்.

இவ்வளவையும் குழுவில் சொன்னேன். ஏழு மேடையை நாலாக்கலாம், வேலூரையும் காஞ்சியையும் சென்னையில் ஒன்றையும் விட்டுவிட்டு, திருப்பதியில் மூன்று நாள் தங்கி அதில் ஒரு நாள் மதனப்பள்ளி போய் வரலாம் என்றேன். எதிர்ப்பு வந்தது. நியாயமான எதிர்ப்பு. ஒரு அம்மா கேட்டார், 'டிக்கெட்டுக்கே தலைக்கு இவ்வளவு கொடுக்கிறோம், என் பொண்ணு நாலு தடவைதான் மேடை ஏறுவாளா?' இன்னொருவர், 'பையன் யுனிவர்சிட்டிக்கு விண்ணப்பம் போடும்போது ஏழு நிகழ்ச்சி என்று எழுதினால் எடை கூடும்' என்றார். வேலூர்க்காரர் ஒருவருக்கு வேலூரை விட்டதில் வருத்தம். மதனப்பள்ளியில் பார்க்க என்ன இருக்கிறது என்றும் கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. கல்லூரி இருக்கிறது. கசின்ஸ் 1956-இல் அந்த ஊரில்தான் இறந்தார். மற்றபடி தக்காளி.

இப்போதைக்கு ஐந்து மேடை என்று சமரசம். வேலூர் தப்பித்துவிட்டது, காஞ்சியும் சென்னையில் ஒன்றும் போயின. திருப்பதியில் மூன்று நாள் உறுதி. இசைக் கல்லூரிக்கு அனுமதி கேட்டு எழுத வேண்டும். மதனப்பள்ளி, பஸ்காரர் சொல்லும் வாடகையைப் பொறுத்தது. பீலேர் வழியாகப் போக மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். 16 பேரில் இரண்டு பேருக்குச் சுரம் எழுதத் தெரியும். பள்ளிக்கூட பேண்டில் கிளாரினெட் வாசிக்கிற பையன் ஒருவனுக்கு மேற்கத்தியக் குறிப்பு எழுத வரும். அவன்தான் எங்கள் மார்கரெட் என்று மற்ற பிள்ளைகள் கிண்டல் செய்துகொண்டிருக்கிறார்கள். ஐந்து கோடு போட்ட நோட்டு மூன்று வாங்கியாயிற்று.

யாராவது இப்படிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய் வந்திருந்தால், பஸ், தங்குமிடம், சாப்பாடு பற்றி எழுதுங்கள். முக்கியமாக, அங்கே உங்கள் பிள்ளைகளுக்கு யார் பாடிக் காட்டினார்கள் என்பதை எழுதுங்கள்.